காலிப் பம்பிலும் காற்று வரும்

பெரிய மாஸ்டரிடம் இரண்டு பம்புகள் இருந்தன. ஒன்று வீட்டில், படுக்கையை ஒட்டிய அலமாரியில். மற்றது பேக்கரியில், மாவு பிசையும் மேசைக்கு மேலே உள்ள பலகையில், ஈஸ்ட் டின்னுக்கும் உப்பு டப்பாவுக்கும் நடுவில். டாக்டர் அதை இன்ஹேலர் என்பார். இவர்கள் வீட்டில் அதற்குப் பம்பு என்றுதான் பேர். இரண்டும் ஒரே நீல நிறம், ஒரே மருந்துக் கடையில் வாங்கியவை. ஆனால் வீட்டுப் பம்பை இழுத்தால் நெஞ்சு சட்டென்று திறந்துகொண்டது. கடைப் பம்பை இழுத்தால் பாதி திறந்து, மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல் நின்றுவிட்டது. அது மட்டுமா? வீட்டுப் பம்பு மாதக்கணக்கில் வந்தது. கடைப் பம்பு வாங்கிய கையோடு தீர்ந்துபோனது.

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், ஒரே அர்த்தம்தான் என்பார். கடைப் பம்பில் யாரோ கைவைக்கிறார்கள்.

கடையில் இருப்பதே மூன்று பேர். மூன்றில் ஒருவர் அவரே. மிச்சம் இருவரில் ஒருவன் கூடப் பிறந்த தம்பி, எல்லார் வாயிலும் சின்ன மாஸ்டர். மற்றவள் தம்பியின் மனைவி, முன்னால் கல்லாவில் உட்காருகிறவள். கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்தது பெரிய மாஸ்டருக்கு முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு வருத்தம் போய்விட்டது, கணக்கு மட்டும் நின்றது.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று சொல்லிவைத்தார்கள். பெரிய மாஸ்டர் எந்தப் படைக்கும் அஞ்சியதில்லை. இப்போது தம்பிக்கே அஞ்ச ஆரம்பித்திருந்தார்.

இத்தனைக்கும் அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று மாவு பிசைந்து வளர்ந்தவர்கள். யாரோ ஒருவரின் பேக்கரியில் தட்டு கழுவ ஆரம்பித்து, அடுப்படிக்கு வந்து, அப்புறம் இருவரும் சேர்ந்து இந்தக் கடையைப் போட்டார்கள். பெரியவர் பிசைந்த மாவைச் சின்னவன் கண்ணை மூடிக்கொண்டு உருட்டுவான். சின்னவன் உருட்டியதைப் பெரியவர் எடைபோட்டுப் பார்த்ததில்லை. அப்படி இருந்த இடத்தில்தான் இந்த இளைப்பு வந்து சேர்ந்தது. காலையில் கடைக்குள் நுழைந்து சல்லடையைக் கையில் எடுத்ததும் மூக்கில் நீர், தொண்டையில் கரகரப்பு, அப்புறம் நெஞ்சுக்குள் விசில். கடைக்கு லீவு விடுகிற திங்கட்கிழமையில் விசிலும் லீவு எடுத்துக்கொண்டது.

நெஞ்சு டாக்டரம்மா குழாயில் ஊதச் சொன்னார், வேலையைப் பற்றி விசாரித்தார், கடைசியில் சொல்லியே விட்டார்.

"உங்களுக்கு மாவுத் தூசி ஒத்துக்கலைங்க. பேக்கரிக்காரங்களுக்கு வர்றதுதான். மாவு பக்கம் போகாம இருந்தா பாதி சரியாயிடும்."

பெரிய மாஸ்டர் சிரித்துவிட்டார். "மீனைப் பார்த்துத் தண்ணி ஒத்துக்கலைன்னு சொல்றீங்களே டாக்டர்! முப்பது வருஷமா இந்த மாவுதான் எனக்குச் சோறு போடுது."

"முப்பது வருஷம் கழிச்சும் வரும்" என்றார் டாக்டரம்மா. சிரிக்கவில்லை. நீலப் பம்போடு ஒரு பழுப்பு நிறப் பம்பும் எழுதிக் கொடுத்தார். நீலம் இளைக்கும்போது இழுக்க. பழுப்பு காலையும் மாலையும், இளைத்தாலும் இளைக்காவிட்டாலும். அதை இழுத்தால் அந்த நிமிஷமே ஒன்றும் தெரியாது, உள்ளே இருக்கிற வீக்கத்தை மெல்ல மெல்லக் குறைக்கும், நிறுத்தவே கூடாது என்றார்.

இழுத்தால் ஒன்றும் தெரியாத மருந்தைத் தினமும் இழுக்க வேண்டுமாம். பெரிய மாஸ்டருக்கு அங்கேயே லேசாகப் பொறி தட்டியது. சில நாள் இழுத்துப் பார்த்தார், டாக்டர் சொன்னபடியே ஒன்றும் தெரியவில்லை, பழுப்புப் பம்பு ஃபிரிட்ஜுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆனால் உண்மையில் அவர் மனதில் முள்ளாகத் தைத்தது வேறு. அன்றைக்கு டாக்டர் அறையிலிருந்து அவர் வெளியே வந்த பிறகும், துணைக்கு வந்த தம்பி வரவில்லை. கதவு சாத்திக்கொண்டது. வெகு நேரம் கழித்து வெளியே வந்தவனிடம், "என்னடா பேசின அவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"சும்மாண்ணே. உங்களைப் பத்தித்தான்."

சொன்னவன் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. சும்மா பேசுகிற பேச்சுக்குக் கதவை எதற்குச் சாத்த வேண்டும்?

அதற்குப் பிறகு அடுக்கடுக்காக நடந்தது. "அண்ணே, நீங்க கல்லாவுல உட்காருங்க, உள்ளே நான் பார்த்துக்கறேன்" என்று ஆரம்பித்தான். முப்பது வருஷம் மேசையில் நின்ற ஆளைக் கல்லாவில் உட்காரச் சொல்வது, மாப்பிள்ளையைப் பந்தியில் பரிமாறச் சொல்வது மாதிரி இல்லையா? இவர் முடியாது என்றார். அடுத்த வாரத்திலிருந்து தம்பி விடியற்காலையில் இவருக்கு முன்னாலேயே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மாவு முழுவதையும் தானே சலித்து வைத்துவிட்டான். இவர் வரும்போது சல்லடை கழுவிக் காய்ந்துகொண்டிருந்தது. கேட்டால், "தூக்கம் வரலைண்ணே, சும்மா வந்தேன்" என்றான். தூக்கம் வராதவன் கண் சிவந்து கிடக்கலாம், மூக்கை எதற்குத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்?

போன வாரம் யாரோ ஒருவன் டேப்போடு வந்து மேசைக்குப் பின்னால் இருந்த சுவரை அளந்துகொண்டு போனான். பெரிய மாஸ்டர் முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்ததும் தம்பியும் அவனும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"யாருடா அது?"

"சும்மாண்ணே, தெரிஞ்சவர்."

மூன்றாவது சும்மா. கடைக்கு நடுவே சுவர் வைக்கப் பார்க்கிறான் என்று பெரிய மாஸ்டர் முடிவு கட்டினார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. அண்ணன் தம்பிக்குக் கேட்க வேண்டுமா?

அன்று வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல பம்பு வேலை செய்யுது. கடையில வேலை செய்யல. இதுலேருந்து என்ன தெரியுது?" என்று வக்கீல் மாதிரி கேட்டார்.

"கடைக்குப் போகக் கூடாதுன்னு தெரியுது. டாக்டரே அதைத்தானே சொன்னாங்க?"

"அதாண்டி அவன் திட்டமே! நான் கடைக்குப் போகக் கூடாது. டாக்டரைக் கையில போட்டுக்கிட்டு, பம்புல இருக்கிறதை எங்கேயோ அடிச்சுத் தள்ளிட்டு..."

"ஏங்க, உங்க தம்பி ரொட்டிக்கு முட்டை தடவற ஆளு. நீங்க சொல்றதைப் பார்த்தா கொலைகாரன் மாதிரி இருக்கு."

"நீ சிரி. ஒரு நாள் வீட்டுப் பம்பைக் கடைக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். அதுவும் அங்கே வேலை செய்யல!"

மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள். "அப்போ பம்புல ஒண்ணும் இல்ல, கடையிலதான் ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

"சட்டையை ஆணியில மாட்டிட்டுத்தானே மாவு பிசையறேன்? சட்டைப் பையில கைவிட எவ்வளவு நேரமாகும்?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று முணுமுணுத்தபடி அவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாவம், அவள் சொன்னதில் பாதியைக் கேட்டிருந்தால்கூடப் போதும். சந்தேகம் வந்த மனிதருக்குக் காது இருக்கும், கேட்காது.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போனார். மருந்துக் கடைக்காரர் இவருடைய பழைய சிநேகிதர், வாய் ஓயாதவர். யார் என்ன மாத்திரை வாங்குகிறார்கள் என்பது அவர் வழியாகத் தெருவுக்கே தெரியும்.

"இன்னொரு நீலமா? போனது வாங்கி இன்னும் மாசம்கூட ஆகலையே மாஸ்டர். இவ்வளவு இழுக்கறது நல்லதில்ல. கை நடுங்குதா? நெஞ்சு படபடன்னு அடிக்குதா?"

"நான் இழுக்கலைய்யா. அதுவா தீருது."

"பம்பு அதுவா தீருமா? பூனையா குடிச்சுது?" கடைக்காரர் பழைய பம்பை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். காற்றில் ஒரு தடவை அடித்தார். புஸ்ஸென்று புகை வந்தது.

"வருதே?" என்றார் பெரிய மாஸ்டர்.

"இதுலதான் எல்லாரும் ஏமாறுவாங்க. உள்ளே மருந்தும் இருக்கு, அதைத் தள்ளற காத்தும் இருக்கு. மருந்து தீர்ந்த பிறகும் காத்து கொஞ்ச நாள் வந்துக்கிட்டே இருக்கும். அதே சத்தம், அதே புகை. இழுத்தா மட்டும் ஒண்ணும் நடக்காது. புது மாடல்ல எவ்வளவு மிச்சம்னு காட்டும். இதுல காட்டாது. இதைத் தூக்கிப் போட்டுடுங்க மாஸ்டர், ஆபத்து."

பெரிய மாஸ்டர் தூக்கிப் போடவில்லை. புதுப் பம்பைக் கால்சட்டையின் உள்பையில் செருகிக்கொண்டு, காலிப் பம்பைக் கையில் உருட்டியபடி கடை வரை யோசித்துக்கொண்டே நடந்தார். அதே சத்தம், அதே புகை. பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். யார் கெடுவான் என்று அன்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

காலிப் பம்பைப் பலகையில், அதே இடத்தில் வைத்தார். பேக்கரியில் எதுவும் வெறுமனே கிடக்காது. ஒரு பொருள் அசையாமல் ஒரு ராத்திரி இருந்தால் போதும், அதன்மேல் மாவு மெல்லிசாகப் படிந்துவிடும். யாராவது தொட்டால் விரல் தடம் அப்படியே விழும். இந்தக் கடையின் சுவருக்கும் பலகைக்கும் கண் உண்டு, அந்தக் கண் மாவு. மறுநாள் காலை பெரிய மாஸ்டர் ஈஸ்ட் எடுக்கிற சாக்கில் பலகைமேல் குனிந்து பார்த்தார். ஈஸ்ட் டின்மேல் மாவு. உப்பு டப்பாமேல் மாவு. பம்பின்மேல் ஒரு கட்டைவிரல் தடமும், அடிப்பக்கம் இரண்டு விரல் தடமும். வைத்த இடத்திலிருந்து அரை விரல் தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

இத்தனை நாள் சந்தேகம், இப்போது சாட்சி. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் ஏனோ சந்தோஷம் வரவில்லை. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் அல்லவா!

"அண்ணே, உடம்பு எப்படி இருக்கு?" என்று தம்பி அடுப்பருகிலிருந்து கேட்டான். குரல் கம்மியிருந்தது.

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்" என்றார். நல்லா இருக்கேன் என்பதை அடித்துச் சொன்னார்.

தடம் மட்டும் போதாது. கேட்டால், துடைக்கிறதுக்காக எடுத்தேன் என்பான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகப் போனார். போகும்போது தம்பி மனைவி, "மெதுவா வாங்க மாமா, நல்லா படுத்து எழுந்திரிச்சு வாங்க, அவசரமே இல்ல" என்றாள். அவசரமே இல்லையாம்! தெருவைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே வந்து, மூட்டை அறைக்குள் நுழைந்து, மாவு மூட்டைகளுக்கு நடுவில் குந்தினார். கதவிடுக்கு வழியாக மேசையும் பலகையும் நன்றாகத் தெரிந்தன.

அவர் ஒன்றை யோசிக்கவில்லை. மூட்டை அறையில் மாவுக்கு மட்டும்தான் இடம், மூச்சுக்கு இல்லை. உட்கார்ந்த சிறிது நேரத்தில் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. இருமலைக் கையால் பொத்தினார். நெஞ்சுக்குள் விசில் கிளம்பியது. திருடனைப் பிடிக்க வந்த இடத்தில் போலீஸ்காரனே விசிலடித்துக் காட்டிக்கொடுத்தால் எப்படி? பையிலிருந்து நல்ல பம்பை எடுத்து, சத்தம் வராமல் துண்டைச் சுற்றி, ஒன்று இழுத்தார், மூச்சைப் பிடித்தார், இன்னொன்றும் இழுத்தார். நெஞ்சு திறந்தது. அட, கடைக்குள்ளேயும் வேலை செய்கிறதே! பார்த்தாயா, யார் கையும் படாத பம்பு என்றால் வேலை செய்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சின்ன மாஸ்டர் உள்ளே வந்தான். சாயங்காலத்துக்குப் பெரிய ஆர்டர். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மூட்டையைக் கவிழ்த்துச் சலிக்க ஆரம்பித்தான். வெயில் விழுகிற ஜன்னலடியில் மாவு எழும்பிச் சுழன்றது. ஒரு தட்டு சலித்தான், நின்றான். மறுபடி சலித்தான், சல்லடையைக் கீழே வைத்தான். அவன் முதுகுதான் தெரிந்தது. இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு நின்றான். பிறகு தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தான், மூக்குத் துணியை இறக்கிவிட்டு, பலகைக்குக் கை நீட்டினான்.

பிடிபட்டான்! பெரிய மாஸ்டர் கதவிடுக்கில் கண்ணை ஒட்டிக்கொண்டார். இரு, இன்னும் கொஞ்சம் போகட்டும், என்ன செய்கிறான் பார்ப்போம்.

தம்பி பம்பை எடுத்தான். காற்றில் அடித்து வீணாக்கவில்லை. வாயில் வைத்தான். புஸ். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். விட்டான். மறுபடி வைத்தான். புஸ். குலுக்கினான். புஸ்.

என்னுடைய மருந்தை இவன் எதற்காக இழுக்கிறான்? பெரிய மாஸ்டருக்குப் புரியவில்லை. அவர் மனதில் கட்டிவைத்திருந்த வழக்கில் இந்த இடமே இல்லை. அந்த நேரத்தில் விசில் மறுபடி கேட்டது. ஐயோ, நம் நெஞ்சு காட்டிக்கொடுக்கிறதே என்று உள்ளங்கையை மார்பில் வைத்து அழுத்தினார். மார்பு அமைதியாக இருந்தது. இப்போதுதானே மருந்து இழுத்திருக்கிறார்? விசில் அவரிடமிருந்து வரவில்லை. மேசைப் பக்கமிருந்து வந்தது.

அவனுடைய தோள்கள் காதுவரை ஏறி ஏறி இறங்கின. கழுத்து எலும்புக்கு மேலே குழி விழுந்தது. அந்த நிற்பு பெரிய மாஸ்டருக்குத் தெரியும். கண்ணாடி இல்லாமலே அவர் தினமும் நின்ற நிற்பு அது. தம்பி மறுபடி பம்பை அழுத்தினான். புஸ், புஸ், புஸ். அதே சத்தம், அதே புகை. காலிப் பம்பு, அவர் வைத்த பம்பு.

மூட்டைகள் சரிய, கதவு சுவரில் மோத, எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. "டேய்! டேய், அதைப் போடுடா! அதுல ஒண்ணும் இல்லடா!" என்று கத்தினார்.

தம்பி திரும்பினான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூட்டை அறைக்குள்ளிருந்து உடம்பெல்லாம் மாவாக அண்ணன் குதித்து வருவதைப் பார்த்து அவன் ஆச்சரியப்படக்கூட இல்லை. ஆச்சரியப்படவும் மூச்சு வேண்டுமே. காலிப் பம்பை இவரிடம் நீட்டி, தலையை மட்டும் ஆட்டினான், வேலை செய்யவில்லை என்பதுபோல.

பெரிய மாஸ்டர் உள்பையைத் துழாவினார். முப்பது வருஷம் மாவு பிசைந்த கைக்கு ஒரு பம்பை வெளியே எடுக்க வரவில்லை. பை கிழிந்துதான் வந்தது. தம்பியின் வாயில் வைத்து, "இழுடா, என் ராசா, இழு, பிடி, பிடிச்சு வை" என்று அழுத்தினார். அவனால் இழுத்ததைப் பிடித்து வைக்க முடியவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும். சத்தம் கேட்டு ஓடி வந்த தம்பி மனைவி இருவரையும் பார்த்து, "சொல்லிடுங்க சொல்லிடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று வாயில் கைவைத்து அழுதாள். யாரிடம் எதைச் சொல்வது என்று கேட்க அப்போது நேரமில்லை. ரொட்டி வண்டியின் பின்கதவைத் திறந்து, பன் தட்டுகளைத் தெருவில் தள்ளிவிட்டு, தம்பியை உட்கார வைத்துக்கொண்டு, தம்பி மனைவி வண்டியை ஓட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழி நெடுக அவனை முதுகோடு மார்பில் சாய்த்துப் பிடித்திருந்தார். அந்த விசில் அவர் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே கேட்டது. பாதி வழியில் விசில் மெலிந்தது. குணமாகிறது என்று அவள் நினைத்தாள். காற்றே போகாவிட்டால் விசிலும் வராது என்பது அவருக்குத் தெரியும். அவர் வேண்டாத தெய்வமில்லை.

ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு மருந்தைப் புகையாகக் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலத்துக்கு மேல்தான் உதட்டில் நிறம் திரும்பியது. நெஞ்சு டாக்டரம்மா வந்து பார்த்தார். தம்பியைவிட அண்ணனிடம்தான் கோபமாகத் திரும்பினார்.

"அன்னைக்கே இவருக்கும் சொன்னேனே! ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி, ஒரே காரணம். தனியா எழுதிக் கொடுத்தேன். வாங்கலையா?"

சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்த பேச்சு இதுதான். பெரிய மாஸ்டர் தம்பி மனைவியைப் பார்த்தார்.

"வாங்கலை மாமா" என்றாள் அவள். "நம்ம மருந்துக் கடையில வாங்கினா அன்னைக்கே உங்க காதுக்கு வந்துடும்னு பயந்தாரு. எனக்கே போன மாசம்தான் தெரியும். தம்பிக்கும் இருக்குன்னு தெரிஞ்சா அண்ணன் மேசையை விட்டு நகரவே மாட்டாரு, தம்பியை வெளியே அனுப்பிட்டு அவரே எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்குவாரு, முதல்ல அவரை வெளியே கொண்டுவந்துட்டு அப்புறம் நான் பார்த்துக்கறேன்னாரு. தூசியை இழுத்து வெளியே தள்ற ஃபேன் வைக்கலாம்னு ஆளை வரவழைச்சுச் சுவத்தைக்கூட அளந்தாரு. மாவு ஒத்துக்கலைன்னு வாயெடுத்தாலே நீங்க சத்தம் போடுவீங்கன்னு அதையும் சொல்லல."

மூன்று சும்மாவும் ஒவ்வொன்றாக வந்து அவர்முன் நின்றன.

தம்பி கையசைத்து அவரைக் கிட்டே கூப்பிட்டான். முகமூடியைச் சற்று விலக்கினான். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிப் பேசினான்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. உங்க பம்பை நான்தான் தீர்த்துட்டேன். விடியக்காலையிலேயே கொஞ்சம் இழுத்தேன், சரியா கேட்கல. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். நல்லவேளை எனக்கு வந்துச்சு. உங்களுக்கு வந்து, நீங்க அதை எடுத்து இழுத்து, அதுல ஒண்ணும் இல்லாம இருந்திருந்தா..." அதற்கு மேல் அவனால் முடியவில்லை. கண் கலங்கியது.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. தம்பி மனைவிக்குக்கூடத் தெரியாது. ஆனால் அவன் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதைப் பெரிய மாஸ்டரால் தாங்க முடியவில்லை.

"நீ தீர்க்கலைடா" என்றார். "அது காலிப் பம்புதான். காலின்னு தெரிஞ்சேதான் நான் அங்கே வெச்சேன்."

தம்பி புரியாமல் பார்த்தான்.

"யாரோ கைவைக்கிறாங்கன்னு நினைச்சேன். உன்னைத்தான் நினைச்சேன். பிடிக்கிறதுக்காக வெச்சேன். நல்லது என் பையில இருந்துச்சு. மூட்டை அறைக்குள்ள உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"முதல் தடவை நான் அழுத்தினப்போ பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

தம்பி முகமூடியை மறுபடி வைத்துக்கொண்டான். இரண்டு மூன்று மூச்சு இழுத்தான். பிறகு விலக்கி, "பிடிச்சுட்டீங்களேண்ணே" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். அது இருமலாக முடிந்தது. தம்பி மனைவி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

இப்போது கடையில் அந்த ஃபேன் ஓடுகிறது. சலிப்பதற்கும் பிசைவதற்கும் மூடி போட்ட மெஷின் வந்துவிட்டது, அதைப் பார்த்துக்கொள்ள வெளியாள் இருக்கிறார், முகத்துக்கு மாஸ்க் இல்லாமல் அவரை உள்ளே விடுவதில்லை. அண்ணன் கல்லாவில், தம்பி அவருக்குப் பக்கத்தில் கேக் பெட்டி கட்டுகிறான். பழுப்புப் பம்பு ஃபிரிட்ஜிலிருந்து இறங்கிவிட்டது. இருவரும் காலையும் மாலையும் இழுத்து, வாய் கொப்பளித்துத் துப்புகிறார்கள். விசில் குறைந்துவிட்டது. மேசையும் மாவும் போனது இருவருக்கும் குறைதான், ஆனால் மூச்சு இருக்கிறது. தம்பி பழையபடி பேசுகிறான், பழையபடி சிரிக்கிறான், ஒரு நாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

எப்போதாவது அவனுக்கு லேசாக இளைக்கும். பெரிய மாஸ்டர் கல்லாப் பெட்டியிலிருந்து நீலப் பம்பை எடுத்து நீட்டுவார். எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற புது மாடல்தான். தம்பி அதை வாங்குவான். காட்டுகிற இடத்தை ஒரு தரம் பார்ப்பான். காதருகில் வைத்துக் குலுக்குவான். அப்புறம்தான் வாயில் வைப்பான்.

இழுப்பதற்கு முன்னால் குலுக்க வேண்டும் என்று டாக்டரம்மாதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவனும் எல்லாரையும் போல அதற்காகத்தான் குலுக்குகிறான். பெரிய மாஸ்டர் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். சொல்லிக்கொண்டே, குலுக்குகிற அவன் முகத்தைப் பார்க்கிறார்.